618இல் முடியும் நோட்டு

சங்கத்துக்கு நான்தான் பொருளாளர்.
ஜெராக்ஸ் கடைக்காரிக்குக்
கணக்கு வரும் என்று நினைத்துவிட்டார்கள்.

பள்ளிப்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிர்மாடியில் கூட்டம்.
முப்பத்தோரு கடை. பேச்சு தமிழில்,
கோபம் வந்தால் தெலுங்கில்.
வியாபாரம் ஏன் படுத்துவிட்டது?
நகரிக்காரன் விலையை உடைக்கிறான் என்றார் ஒருவர்.
திருத்தணியில் பெரிய கடை வந்துவிட்டது என்றார் இன்னொருவர்.
போனிலேயே புடவை வாங்குகிறார்களே என்று
கண்ணாடியைக் கழற்றினார் தேசய்யா.
அவர் மருமகளும் வாங்குகிறாள்.
போண்டா ஆறிப்போயிற்று.

என்னிடம் யோசனை ஏதும் இல்லை, ஒரு குறுகுறுப்பு.
கல்லாவிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தேன்.
கடைசி மூன்று எண் 618.
"யார் கைக்கு வந்தாலும்
எனக்கு ஒரு மிஸ்டு கால்."
சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குறித்தும் கொண்டார்கள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை,
ஷட்டரைச் சரிசெய்த முனிவேலுவுக்கு அதைக் கொடுத்தேன்.
மத்தியானம் வரலட்சுமி மெஸ்ஸிலிருந்து போன்:
சாப்பாட்டுப் பாக்கியைத் தீர்த்துவிட்டானாம்.
சாயங்காலம் அரிசிக்கடை.
அப்புறம் சத்தமே இல்லை.
"லாரிக்காரனுக்குக் குடுத்துட்டேம்மா,
நாயுடுபேட்டை வண்டி" என்று
தலையைச் சொறிந்தார் ஜெயராமுலு.
மூன்றே கை.
செருப்பைக்கூடக் கழற்றாமல்
வாசலோடு திரும்பிய விருந்தாளி மாதிரி
போய்விட்டது எங்கள் ஐந்நூறு.

பிறகு பத்து நோட்டு விட்டோம்.
எங்கெங்கே எல்லை தாண்டுகிறது என்று
ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன்.
துண்டு நெய்வது நாம்,
அதைப் போடும் கவர் வருவது சென்னையிலிருந்து.
நூல் நம் கையில் ஓடுகிறது,
நூல் சுற்றிய அட்டைக் கோன் ஈரோடு.
கரும்பு நம் வயலில்,
வெல்லம் வாங்கப் போவதோ சித்தூர்.
அடுத்த கூட்டத்தில் இதை வாசித்தபோது
கோபம் தெலுங்கிலிருந்து தமிழுக்கு இறங்கியது.

"கவர் நான் போடறேன்" என்றாள் கௌரம்மா,
பின்வரிசையிலிருந்து.
மெஷினுக்கு அறுபதாயிரம்.
பேங்கில் ஜாமீன் கேட்டார்கள்,
அவளிடம் இருந்தது இரண்டு ஆடும் ஒரு ரேஷன் கார்டும்.

அந்த மாதச் சீட்டை யாரும் ஏலம் கேட்கவில்லை.
தேசய்யா மட்டும் வாயைத் திறந்தார்,
இருமினார், மூடிக்கொண்டார்.
தள்ளுபடி இல்லாமல் முழுசாக அவள் பேருக்கு விழுந்தது.

முதல் ஆயிரம் கவரும் கோணல்.
திட்டிக்கொண்டே வாங்கினார்கள்.
இரண்டாவது ஆயிரத்துக்குத் திட்டவில்லை,
பேரம் பேசினார்கள்.
அன்றைக்குத்தான் அவள் முதலாளி ஆனாள்.

தை மாதம் விட்ட நோட்டு பதினோரு கை பார்த்தது.
அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை.
இரண்டு கடை மூடத்தான் செய்தன,
ஒன்று என் தம்பியுடையது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள்
காவடிக் கூட்டத்தோடு ஒரு புத்தூர்க்காரி,
ஒரு டஜன் மஞ்சள் துண்டு வாங்கிய கையோடு
ஆதார் நகல் எடுக்க வந்தாள்.
கவர் கௌரம்மா போட்டது, ஓரம் நேர்.
நீட்டிய நோட்டில்
மூலையில் யாரோ தெலுங்கில் கூட்டல் போட்டிருந்தார்கள்.
618.

எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.
"பால டப்புலம்மா" என்று சிரித்தாள்.
எட்டு மாதமாக அந்த வரிக்கு எதிரே
என் கணக்கில் 'போயிற்று' என்று இருந்தது.
போனது யார் வீட்டிலோ மாட்டுக்குத் தவிடாகி,
பாலாகி, துண்டு வாங்க வந்திருக்கிறது.
வரப்பு வெட்டிய மாதிரி
எல்லையில் கோல் ஊன்றி நின்றிருந்தேனே என்று
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சட்டம் போட்டு மாட்டச் சொன்னார் தேசய்யா.
நான் கல்லாவில் போட்டேன்.

ஐந்து மணிக்கு டோனர்க்காரன் வந்தான்,
மாதாமாதம் சென்னையிலிருந்து வருகிறவன்.
கல்லாவில் மேலாக இருந்தது அதுதான்.
நீட்டிய கை பாதியில் நின்றது.
அத்தனை பேர் ஓட்டையையும் எழுதிய நோட்டில்
என் கடைக்கு ஒரு வரி கிடையாது.

"என்னக்கா?" என்றான்.
பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.